கண்புரை: வயதின் வேலையா, வழிவழி வந்ததா?

"வயதாகிவிட்டது, கண்ணில் சதை வளர்ந்துவிட்டது, இனி என்ன செய்வது?" என்னும் பேச்சைத் தோட்டத்திலும் கேட்கலாம், பட்டணத்திலும் கேட்கலாம். இப் பேச்சில் இரண்டு பிழைகள் உள்ளன. கண்புரை வளர்ந்த சதை அன்று; அதற்கு வயது ஒன்றே காரணமும் அன்று. முதற்பிழை சொல்லைப் பற்றியது, திருத்திக்கொள்வது எளிது. இரண்டாவது பிழைக்குப் பலர் தம் பார்வையையே விலையாகக் கொடுத்திருக்கின்றனர். மலேசியாவில் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே 2014-இல் எடுக்கப்பட்ட தேசியக் கண் ஆய்வின்படி, பார்வை இழந்தோரில் நூற்றுக்கு 58.6 பேர் மருத்துவம் செய்துகொள்ளாத கண்புரையால் அந்நிலை அடைந்தவர்கள்.

பெயரால் மயங்கியவர் தமிழர் மட்டும் அல்லர். ஐரோப்பியர் இந்நோய்க்கு இட்ட 'கேட்டராக்ட்' என்னும் பெயருக்கு அருவி என்று பொருள். தலையிலிருந்து ஒரு கெட்ட நீர் இறங்கிக் கருமணிக்குப் பின்னால் திரையாக உறைகிறது என்று அவர்கள் பல நூற்றாண்டுகளாக நம்பினர். பிரிஸோ என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1705-இல் இறந்துபோன போர்வீரன் ஒருவனின் கண்ணை அறுத்துப் பார்த்தார். திரை எதுவும் அங்கு இல்லை. கண்ணுக்குள் இயற்கையாக அமைந்துள்ள வில்லையே தன் தெளிவை இழந்து மங்கிப் போயிருந்தது. ஆகவே புரை என்பது புதிதாக வந்து சேர்ந்த பொருள் அன்று. இருந்த பொருள் கெட்ட நிலையாகும்.

வில்லையின் தனி இயல்பு

வில்லை ஏன் கெடுகிறது என்பதை அறிய, அது எப்படி இத்தனை ஆண்டுகள் கெடாமல் இருந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். மனித உடம்பில் இதுபோன்ற உறுப்பு வேறொன்று இல்லை எனலாம். இதற்குள் இரத்தக் குழாய் இல்லை; நரம்பும் இல்லை. இருந்தால் ஒளி தடைப்படும். சுற்றியுள்ள தெளிந்த நீரிலிருந்தே இது தன் உணவைப் பெறுகிறது. இதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நீர். எஞ்சியது பெரும்பாலும் கிரிஸ்டலின் எனப்படும் புரதம். உடம்பின் வேறெந்தத் திசுவிலும் இவ்வளவு செறிவாகப் புரதம் இல்லை.

வில்லையின் விளிம்பில் வாழ்நாள் முழுதும் புதிய இழைகள் தோன்றிக்கொண்டே இருக்கின்றன. அவை வெங்காயத்தின் தோலைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய, பழைய இழைகள் நடுவில் அமுக்கப்படுகின்றன. தோலில் பழையது உதிர்ந்துபோகும். வில்லையில் எதுவும் உதிர்வதில்லை. ஒளி தடையின்றிச் செல்லவேண்டும் என்பதற்காக இந்த இழைகள் தம் உட்கருவையும் பிற உறுப்புகளையும் துறந்துவிடுகின்றன. துறந்தபின் புதிய புரதம் செய்யும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. எனவே எழுபது வயதுக் கிழவரின் வில்லை நடுவில் உள்ள புரதம், அவர் தம் தாயின் வயிற்றில் இருந்தபோது உண்டான அதே புரதமாகும்.

இது வெறும் ஊகம் அன்று. 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெடித்துச் சோதித்த அணுகுண்டுகளால் காற்றில் கதிரியக்கக் கரியின் அளவு ஏறக்குறைய இரட்டித்தது. பின்னர் ஆண்டுதோறும் குறைந்துவந்தது. அக்கரி செடிகொடிகளின் வழியாக உணவில் கலந்து எல்லார் உடம்பிலும் சேர்ந்தது. டென்மார்க்கு நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2008-இல், இறந்தோரின் வில்லைப் புரதத்தில் அக்கரியை அளந்து, அவரவர் பிறந்த ஆண்டைக் கணக்கிட்டுக் காட்டினர். பிறந்த ஆண்டின் முத்திரை வில்லையின் நடுவில் அழியாமல் நிற்கிறது என்பது இதனால் உறுதியாயிற்று.

மாற்ற முடியாத இப்புரதத்தைக் காப்பதற்கு வில்லைக்குள்ளேயே ஒரு காவல் உண்டு. பால்மரம் வெட்டும் தோட்டத்தாருக்கு இதனை விளக்குவது எளிது. மங்கில் வடியும் பாலில் ரப்பர்த் துகள்கள் தனித்தனியே மிதக்கின்றன. திராவகம் சேர்த்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. அமோனியா சேர்த்தால் கட்டாமல் நெடுநாள் நிற்கின்றன. வில்லையில் அமோனியாவின் வேலையைச் செய்வது ஆல்பா கிரிஸ்டலின் என்னும் புரதம். நிலை குலைந்த பிற புரதங்களை இது பற்றிக்கொண்டு, அவை ஒன்றுகூடித் திரளாதவாறு தடுக்கிறது. ஜோசப் ஹார்விட்ஸ் என்னும் அறிஞர் 1992-இல் இதனைக் கண்டறிந்தார். பாலுக்கு அமோனியா குறைந்தால் மேலும் ஊற்றலாம். நடு வில்லைக்கு ஆல்பா கிரிஸ்டலினை மேலும் ஊற்ற வழியில்லை. பிறப்பில் கிடைத்த இருப்பைக் கொண்டே வாழ்நாளைக் கழிக்கவேண்டும். அந்த இருப்புத் தீர்ந்தபின் புரதங்கள் திரள்கின்றன. வேகவைத்த முட்டையின் வெள்ளைக் கரு போல வில்லை ஒளியைச் சிதறடிக்கிறது.

வயது என்று சொல்லப்படுவது உண்மையில் இதுதான். ஆண்டுகள் தாமாக எதையும் கெடுப்பதில்லை. ஆண்டுதோறும் வில்லையின்மேல் விழும் அடிகளே கெடுக்கின்றன. அடி மிகுந்தால் இருப்பு விரைவில் தீரும். ஒருவருக்கு ஐம்பதிலும் மற்றொருவருக்கு எண்பதிலும் புரை வருவதற்குக் காரணம், முதலில் கிடைத்த இருப்பில் உள்ள வேற்றுமையும், பின்னர் விழுந்த அடிகளில் உள்ள வேற்றுமையுமே. முன்னது பரம்பரை, பின்னது வாழ்க்கை.

புரை தோன்றும் இடத்தைக் கொண்டு மருத்துவர் அதனை மூவகையாகப் பிரிப்பர்: வில்லையின் மையத்தில் தோன்றும் நடுப்புரை, அதனைச் சுற்றிய அடுக்குகளில் ஆரக்கால் போல் தோன்றும் புறணிப்புரை, பின்புற உறையை ஒட்டித் தோன்றும் பின்னுறைப்புரை. இப்பிரிவை மனத்தில் வைத்துக்கொள்வது நலம். ஒவ்வொரு காரணமும் தனக்கென ஓர் இடத்தைத் தேர்ந்து தாக்குவதைப் பின்னால் காணலாம்.

பரம்பரையின் பங்கு

பிறவியிலேயே கண்புரை வரும் குடும்பங்கள் உண்டு. எட்வர்ட் நெட்டில்ஷிப் என்னும் ஆங்கிலக் கண் மருத்துவர் அத்தகைய குடும்பம் ஒன்றை 1906-இல் விவரித்து எழுதினார். இவ்வகைக் குடும்பங்கள் மருத்துவத்துக்கு மட்டுமன்றிப் பாரம்பரிய விஞ்ஞானத்துக்கே ஒரு திறவுகோலாக அமைந்த வரலாறு சுவையானது.

ஜேம்ஸ் ரென்விக், சில்வியா லாலர் என்னும் இருவர் 1963-இல் ஓர் ஆங்கிலக் குடும்பத்தை ஆராய்ந்தனர். அதில் பிறவிப்புரை யாருக்கு வந்ததோ அவரிடம் 'டஃபி' என்னும் இரத்த வகையின் ஒரு குறிப்பிட்ட வடிவமும் சேர்ந்தே வந்ததைக் கண்டனர். இரண்டும் ஒரே குரோமோசோமில் பக்கம் பக்கமாக இருக்கவேண்டும் என்பது தெரிந்தது. ஆனால் எந்தக் குரோமோசோம் என்பது தெரியவில்லை. 1968-இல் அமெரிக்காவில் ரோஜர் டோனஹியூ என்னும் ஆராய்ச்சி மாணவர், தம் முதலாம் குரோமோசோம்களில் ஒன்று வழக்கத்துக்கு மாறாக நீண்டிருப்பதைத் தற்செயலாகக் கண்டார். உறவினர் பலரின் இரத்தத்தைச் சோதித்தபோது, அந்த நீண்ட குரோமோசோமும் டஃபி வகையும் ஒன்றாகவே வழிவழி வருவது புலனாயிற்று. பால்வேறுபாட்டுக் குரோமோசோம் அல்லாத ஒன்றில் மனித ஜீன் ஒன்றன் இருப்பிடம் குறிக்கப்பட்டது அதுவே முதன்முறை. ரென்விக்கும் லாலரும் கண்ட பிறவிப்புரைக்கும் அதனால் முகவரி கிடைத்தது. முகவரி கிடைத்தும் ஆளைக் கண்டுபிடிக்க மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. வில்லை இழைகளுக்கிடையே நீரும் உப்பும் உணவும் செல்லும் நுண் வாயில்களை அமைக்கும் 'கனெக்சின் 50' என்னும் புரதத்தின் ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்ததே காரணம் என்று 1998-இல் தெரியவந்தது. ஓர் எழுத்துப் பிழையால் வாக்கியத்தின் பொருளே கெட்டுவிடும் என்பதைத் தமிழாசிரியருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

இவ்வகைப் பிறவிப்புரையில் பெரும்பாலும் தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து வரும் ஒரு பழுதான ஜீனே நோயை உண்டாக்கப் போதும். அத்தகைய குடும்பத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வருவதற்கான வாய்ப்பு இரண்டில் ஒன்று. முதற்குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த குழந்தை தப்பிவிடும் என்று கணக்குப் போடுவது தவறு. காசைச் சுண்டுவதுபோல ஒவ்வொரு முறையும் கணக்குப் புதிதாகத் தொடங்குகிறது. வேறு சில குடும்பங்களில் இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்தால்தான் நோய் தோன்றும். அங்கே பெற்றோர் இருவர் கண்ணும் தெளிவாகவே இருக்கும். நான்கில் ஒரு குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்புண்டு. ஒரே பழுதை இருவரும் மறைவாகச் சுமக்கும் நிலை நெருங்கிய உறவுக்குள் மணப்போரிடம் மிகுதி. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கமுடைய சமுதாயத்தில் இது மறைத்துப் பேசவேண்டிய செய்தி அன்று.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளை ஆராய்ந்து 1996-இல் வெளியிடப்பட்ட கணக்கு இங்கே கருதத்தக்கது. அடிபட்டு வந்த புரைகளை நீக்கி எண்ணியதில், நூற்றுக்கு 25 பரம்பரையால் வந்தவை. 15 தாய்க்குக் கருவுற்ற காலத்தில் கண்ட ருபெல்லாவால் வந்தவை. 51-க்குக் காரணம் தெரியவில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் ருபெல்லாவின் பங்கு 25 ஆக உயர்ந்தது.

முதுமையில் வரும் புரையில் பரம்பரைக்குப் பங்குண்டா என்பது நெடுங்காலம் விடை காணாத கேள்வியாக இருந்தது. இதற்கு விடை தந்தவர்கள் இரட்டையர். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு ஜீன்கள் அனைத்தும் ஒன்றே; இருவேறு கருக்களாகப் பிறந்த இரட்டையருக்குச் சராசரியாகப் பாதி மட்டுமே பொது. வளர்ந்த வீடோ இருசாராருக்கும் ஒன்று. ஆகவே முன்னவரின் கண்கள் பின்னவரின் கண்களைக் காட்டிலும் ஒத்திருந்தால், அந்த ஒற்றுமை ஜீன்களின் செயல் எனக் கொள்ளலாம். இலண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் 50 முதல் 79 வயது வரையுள்ள 506 இணைப் பெண் இரட்டையர்களைச் சோதித்து 2000-இல் முடிவு வெளியிட்டனர். நடுப்புரையில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேற்றுமையில் நூற்றுக்கு 48 பங்கு பரம்பரையாலும், 38 வயதாலும், 14 பிற சூழல்களாலும் விளைந்தவை என்பது அம்முடிவு. அடுத்த ஆண்டில் வெளியிட்ட கணக்கில் புறணிப்புரைக்கும் பரம்பரையின் பங்கு பாதிக்குச் சற்று மிகுதியாக இருந்தது.

இந்த 48 என்னும் எண்ணைப் பலர் தவறாகப் புரிந்துகொள்வர். செய்தித்தாள்களும் அதற்கு விலக்கல்ல. "என் கண்புரையில் பாதி என் தகப்பனார் கொடுத்தது" என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு வகுப்பை எண்ணிப் பார்க்கலாம். மாணவர் எல்லார்க்கும் ஒரே பாடநூல், ஒரே ஆசிரியர், வீட்டில் ஒரே வசதி என்றால், மதிப்பெண்ணில் தோன்றும் ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் இயற்கை அறிவின் ஏற்றத்தாழ்வாகவே இருக்கும். அதே வகுப்பில் பாதிப்பேருக்குப் பாடநூலே இல்லையென்றால், மதிப்பெண் வேற்றுமையில் பாடநூலின் பங்கு பெரிதாகத் தோன்றும். மாணவரின் இயற்கை அறிவு மாறவில்லை, கணக்கு மாறிவிட்டது. வெயில் குறைந்த பிரிட்டனில், ஏறக்குறைய ஒரேவிதமாக வாழ்ந்த பெண்களிடையே எடுத்த கணக்கு, வெயிலும் அடுப்புப் புகையும் சர்க்கரை நோயும் மிகுந்த நாட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ளக்கூடாது. பரம்பரைக்குப் பங்குண்டு என்பதே அக்கணக்கிலிருந்து உறுதியாகக் கொள்ளத்தக்கது.

அந்தப் பங்கு ஒரே ஜீனின் வேலை அன்று. பற்பல ஜீன்கள் ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகக் கூட்டியும் குறைத்தும் செயற்படுகின்றன. சிங்கப்பூரில் மலாய்க்காரரிடையிலும் இந்தியரிடையிலும் நடந்த கண் ஆய்வுகளைக் கொண்டு 2014-இல் வெளியான ஆராய்ச்சி, நடுப்புரையுடன் தொடர்புடைய இரண்டு இடங்களைக் குரோமோசோம்களில் காட்டியது. அவற்றுள் ஒன்று மேலே கூறிய ஆல்பா கிரிஸ்டலினுக்கு உரிய ஜீனை அடுத்திருந்தது. பால் கட்டாமல் காக்கும் காவலனின் தரமே ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்னும் கருத்துக்கு இது நல்ல சான்று. உலகின் பல இனத்தாரையும் சேர்த்து 2021-இல் வெளியான பேராய்ச்சியில் இத்தகைய இடங்கள் 54 ஆயின.

பரம்பரையும் வாழ்க்கையும் சந்திக்கும் இடம்

பரம்பரை என்றதும் விதி என்று முடிவு கட்டிவிடுவோர் காலக்டோசீமியா என்னும் பிறவி நோயை அறிந்துகொள்ள வேண்டும். பாலில் உள்ள சர்க்கரையின் ஒரு பகுதியான காலக்டோசைச் செரித்து மாற்றும் நொதி சில குழந்தைகளுக்குப் பிறவியில் அமைவதில்லை. தாய்ப்பாலானாலும் பசும்பாலானாலும் அக்குழந்தைக்கு அது நஞ்சாகிறது. பிறந்த சில வாரங்களுக்குள் வில்லையில் எண்ணெய்த்துளி விழுந்ததுபோல் புரை தோன்றும். நோயை உடனே அறிந்து பாலை அறவே நிறுத்தினால், தொடக்க நிலையில் உள்ள புரை கலைந்து வில்லை மீண்டும் தெளிவதுண்டு. இங்கே ஜீன் மட்டும் தனியே புரையை உண்டாக்கவில்லை. பால் மட்டும் தனியேயும் உண்டாக்கவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் கேடு.

நீரிழிவில் நடப்பதும் இதன் உறவுதான். இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் வில்லையைச் சூழ்ந்த நீரிலும் ஏறும். வில்லைக்குள் சர்க்கரை நுழைவதற்கு இன்சுலினின் அனுமதி தேவையில்லை; ஏறிய சர்க்கரை அப்படியே உட்புகும். அங்கே ஒரு நொதி அதனைச் சார்பிட்டால் என்னும் பொருளாக மாற்றுகிறது. சார்பிட்டால் எளிதில் வெளியேறாது. தன்னோடு நீரை இழுத்து வைத்துக்கொள்ளும். இழைகள் வீங்கிக் கெடும். நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளின் வில்லையில் இப்பொருள் சேர்வதை ரூத் வான் ஹைனிங்கன் அம்மையார் 1959-இல் கண்டறிந்தார். மனிதரிடம் ஆண்டுக்கணக்கில் நிகழ்வது இதனினும் மெதுவான மற்றொரு கேடு: சர்க்கரை புரதத்தின்மேல் ஒட்டிக்கொண்டு அதனைப் பழுப்பாக்கித் திரளச் செய்கிறது. 65 வயதுக்குட்பட்ட நீரிழிவுக்காரருக்குப் புரை வரும் வாய்ப்பு மற்றவரைக் காட்டிலும் மூன்று நான்கு மடங்கு என்று அமெரிக்கக் கணக்குகள் காட்டின. மலேசிய இந்தியரிடையே நீரிழிவு மிகுதியாக இருப்பதைக் கருதினால் இது அலட்சியம் செய்யத்தக்கதன்று. புதிதாக வாங்கிய கண்ணாடி ஒரு மாதத்தில் பொருந்தாமற் போயிற்று என்றால், கண்ணாடிக் கடைக்காரரைக் குறை கூறுமுன் இரத்தத்தில் சர்க்கரையைச் சோதிப்பது நல்லது. சர்க்கரை ஏறி இறங்குவதால் வில்லை உப்பியும் சுருங்கியும் பார்வையின் அளவு மாறும்.

வயிற்றிலேயே விழும் அடி

பிறவியில் வருவதெல்லாம் பரம்பரை அன்று என்பதை உலகுக்குக் காட்டியவர் சிட்னி நகரத்துக் கண் மருத்துவர் நார்மன் மக்அலிஸ்டர் கிரெக். 1941-இன் முதற்பாதியில் பிறவிப்புரையுள்ள கைக்குழந்தைகள் அவரிடம் வழக்கத்துக்கு மாறாக அடுத்தடுத்துக் கொண்டுவரப்பட்டன. இத்தனை குடும்பங்களில் ஒரே சமயத்தில் பரம்பரைப் பழுது எப்படித் தோன்றும்? அவர் தாய்மாரை விசாரித்தார். முந்திய ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஜெர்மன் அம்மை எனப்படும் ருபெல்லா பரவியிருந்தது. கருவுற்ற தொடக்க மாதங்களில் அத்தாய்மாருக்கு அது கண்டிருந்தது. பிற மருத்துவரிடமிருந்தும் செய்தி திரட்டி 78 குழந்தைகளின் விவரத்தை அவ்வாண்டு அக்டோபரில் வெளியிட்டார். அவர்களில் 68 குழந்தைகளின் தாய்மாருக்கு ருபெல்லா வந்திருந்தது தெளிவாயிற்று.

இரண்டு மூன்று நாள் தடிப்பும் இலேசான காய்ச்சலுமாகப் போய்விடும் ஓர் எளிய நோய் இத்தனை பெரிய கேட்டைச் செய்யும் என்பதை அறிஞருலகம் எளிதில் நம்பவில்லை. இலண்டன் மருத்துவ ஏடாகிய 'லான்செட்' 1944-இல்கூட, கிரெக்கின் கூற்று இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை என்னும் கருத்தையே கொண்டிருந்தது. தாய்மார் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்ட ஒரு மருத்துவர், கேளாத பலரைவிட உண்மைக்கு அருகில் இருந்தார். வில்லை உருவாகும் முதல் வாரங்களில் கிருமி அதற்குள் புகுந்து விடுகிறது. பின்னர் வில்லையின் உறை மூடிக்கொள்வதால் வெளியேற வழியின்றி அங்கேயே தங்குகிறது.

1969-இல் இதற்குத் தடுப்பூசி வந்தது. சிங்கப்பூரில் 1976-இல் தொடக்கப்பள்ளியின் இறுதி வகுப்புச் சிறுமியருக்கு அது போடத் தொடங்கினர். மலேசியாவில் 2002 முதல் அம்மை, புட்டாளம்மை, ருபெல்லா மூன்றுக்குமான கூட்டு ஊசி குழந்தைகளுக்குப் போடப்பட்டு வருகிறது. கண்புரைக்குத் தடுப்பு இல்லை என்று கூறுவோருக்கு இந்த ஊசியே மறுப்பு.

மருந்தும் வெயிலும் புகையும்

தோட்டப்புறத்தில் மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் உடல் பெருக்கவும் பெயர் தெரியாத மாத்திரைகளையும் ஜாமு, மாக்ஜுன் போன்றவற்றையும் வாங்கி உண்பாருண்டு. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்று பெருமையாகப் பேசுவர். அவ்வாறு பறக்கச் செய்வது பல சமயங்களில் அதில் திருட்டுத்தனமாகக் கலந்துள்ள ஸ்டீராய்டு மருந்து. இத்தகைய கலப்படத்தைப் பற்றி மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. முடக்குவாதத்துக்கு நெடுநாள் ஸ்டீராய்டு உண்டவர்களிடம் பின்னுறைப்புரை தோன்றுவதை ரோஜர் பிளாக் முதலிய அமெரிக்க மருத்துவர்கள் 1960-இலேயே அறிவித்தனர். நடு வயதினரையும் இது விடுவதில்லை. பின்னுறைப்புரை பார்வையின் நேர்வழியிலேயே அமர்வதால் சிறிதாக இருக்கும்போதே படிப்பைக் கெடுக்கும். வெயிலில் கண் கூசும். மருத்துவரே எழுதித் தந்த ஸ்டீராய்டை இதைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. அத்தகையவர் கண்ணை ஆண்டுக்கொருமுறை காட்டிவந்தால் போதும்.

வெயிலைப் பற்றிய நல்ல சான்று அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் நண்டும் சிப்பியும் பிடிக்கும் தொழிலாளரிடமிருந்து கிடைத்தது. ஹியூ டெய்லர் என்பவரின் குழுவினர் 838 பேரை ஆராய்ந்து 1988-இல் வெளியிட்ட கணக்கின்படி, கண்ணில் படும் புற ஊதாக்கதிர் இரட்டித்தால் புறணிப்புரைக்கான வாய்ப்பு நூற்றுக்கு 60 பங்கு கூடுகிறது. நடுப்புரை அதனால் கூடவில்லை. பால்மரம் வெட்டுவோர் விடியலில் மர நிழலில் வேலை செய்வதால் ஓரளவு தப்புவர். புல் வெட்டுவோர், மருந்து தெளிப்போர், சாலை வேலையினர், மீன் பிடிப்போர் ஆகியோருக்கு அந்த நிழல் இல்லை. அகன்ற விளிம்புள்ள தொப்பி கண்ணில் படும் கதிரைக் கணிசமாகக் குறைக்கும். அதற்கு அதிகச் செலவும் இல்லை.

புகையிலை தாக்குவது பெரும்பாலும் நடுப்புரையை. நாளொன்றுக்கு 20 சிகரெட்டோ அதற்கு மேலோ பிடித்த அமெரிக்க மருத்துவர்களுக்குப் புரை வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்பது 1992-இல் வெளியானது. விறகடுப்பின் புகையும் குற்றமற்றது அன்று. நேபாள, இந்திய எல்லைப் பகுதிப் பெண்களிடையே நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வு, புகைபோக்கியில்லாத அடுப்பில் சமைப்போரிடம் புரை மிகுதி என்று காட்டியது. கண்ணில் விழும் அடி, எக்ஸ்கதிர், உலைக்களத்தின் வெப்பம் ஆகியவையும் காரணங்களே. இவை குறிப்பிட்ட தொழிலாருக்கும் விபத்துக்கும் உரியவை.

ஊட்டச்சத்து மாத்திரை விழுங்கினால் புரை வராது என்னும் விளம்பரத்தை நம்பிக் காசு செலவிடவேண்டியதில்லை. மதுரைக்கு அருகே 5 சிற்றூர்களில் 35 முதல் 50 வயது வரையுள்ள 798 பேரிடம் பீட்டா கரோட்டின், வைட்டமின் சி, ஈ ஆகியவற்றை ஐந்து ஆண்டுகள் சோதித்துப் பார்த்தனர். மருந்து உண்டவருக்கும் வெற்று மாத்திரை உண்டவருக்கும் வேறுபாடு காணப்படவில்லை என்பது 2006-இல் வெளியான முடிவு. வந்த புரையைக் கரைக்கும் சொட்டுமருந்தும் இதுவரை மெய்ப்பிக்கப்படவில்லை.

வந்தபின் செய்யத்தக்கது

இலண்டனில் ஹெரல்ட் ரிட்லி என்னும் மருத்துவர் 1949 நவம்பரில், கெட்ட வில்லையை நீக்கிய கண்ணுக்குள் செயற்கை வில்லையை முதன்முதலாக வைத்தார். போரில் விமானக் கண்ணாடிச் சிதறல்கள் விமானிகளின் கண்ணுக்குள் தங்கியும் புண்ணாகாமல் இருந்ததே அவருக்கு அந்த எண்ணத்தைத் தந்தது. இன்று இது சிறு துளை வழியாகச் சில நிமிடங்களில் முடியும் சிகிச்சை. "புரை முற்றட்டும், பழுத்தபின் எடுக்கலாம்" என்பது பழைய முறை அறுவைக்குரிய பேச்சு. இக்காலத்தில் முற்றவிட்டால் வில்லை கடினமாகி அறுவை சிக்கலாகும். அன்றாட வேலைக்குப் பார்வை இடையூறானதும் காட்டுவதே முறை.

முதியவர் ஓராண்டு தாமதித்தாலும் அறுவைக்குப்பின் பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும். குழந்தைக்கு அந்தச் சலுகை இல்லை. பிறந்த முதல் மாதங்களில் கண்ணிலிருந்து தெளிந்த உருவம் செல்லாவிட்டால் மூளை பார்க்கக் கற்றுக்கொள்வதில்லை. பின்னர் வில்லையை மாற்றினாலும் பயனில்லை. ஆகவே ஒரு கண்ணில் அடர்ந்த பிறவிப்புரை இருந்தால் ஆறு வாரத்துக்குள்ளும், இரண்டு கண்களிலும் இருந்தால் எட்டு வாரத்துக்குள்ளும் அறுவை செய்ய மருத்துவர் முயல்வர். கருமணியில் வெண்மை தெரிவது, முகம் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது, கண் நிலைகொள்ளாமல் ஆடுவது ஆகியவை அடையாளங்கள். கருமணியின் வெண்மை சில வேளைகளில் கண்ணில் உண்டாகும் புற்றுநோய்க்கும் அடையாளமாகும் என்பதால் ஒரு நாளும் காத்திருத்தல் ஆகாது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு இதில் ஒரு தனி வாய்ப்புண்டு. பள்ளிக்கு வரும் வயதில் உள்ள மாணவனுக்குப் பிறவிப்புரை அறுவை நடந்திருந்தால், அவனுடைய பதிவேட்டைப் பார்க்கும்போது வீட்டில் வேறு பிள்ளைகள் உண்டா, தாய் மீண்டும் கருவுற்றிருக்கிறாரா என்பதை ஆசிரியர் எளிதில் அறியலாம். கருவுற்றிருந்தால், பிறக்கும் குழந்தையின் கண்ணை மருத்துவமனையை விட்டு வருமுன்னே கண் மருத்துவரிடம் காட்டும்படி சொல்லிவிடலாம். பெற்றோரும் தம் கண்களைச் சோதித்துக்கொள்வது நல்லது. பார்வையைக் கெடுக்காத சிறு புள்ளிகளாகப் புரையைச் சுமந்துகொண்டே வளர்ந்த தாயோ தந்தையோ, தம் பிள்ளைக்கு வந்தபின்தான் அது தமக்கும் இருப்பதை அறிந்த குடும்பங்கள் பல.